கிழியாத காகிதம்

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. ஒரு பெண்மணி கேட்டார். மூன்று மாதம் தட்டிக் கழித்தேன். போன வாரம் மறுபடி போன் செய்து, "எழுதிட்டீங்களா?" என்றார். "எழுதிக்கிட்டே இருக்கேன்மா" என்றேன். பொய். அன்று சாயங்காலம்தான் கடைக்குப் போய் இந்த நோட்டையே வாங்கினேன்.

நான் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். போருக்கு முன்னால் கடற்படையில் சேர்ந்து விமான மெக்கானிக் ஆனேன், போருக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்தேன். எழுதுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. போர் விமானி முரோயைப் பற்றி எழுத வந்த பத்திரிகைக்காரர்கள் எத்தனையோ பேருக்குத் தேநீர் ஊற்றியிருக்கிறேன். நான் சொன்னதை ஒருத்தன்கூடத் தட்டிப் பார்க்கவில்லை, அப்படியே அச்சில் போட்டான். வாசிக்கிறவர்கள் மேலும் நம்பிக்கை கிடையாது. உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆரம்பம், முதல் முயற்சி:

'கடற்படைப் போர் விமானிகளில் இணையற்றவரான முரோய் ஷிகெஜோ, முப்பத்தொரு எதிரி விமானங்களை வீழ்த்தி, நமது ஊருக்கு அழியாப்—'

வேண்டாம். இது முரோய்க்கு ஊரில் நினைவுக்கல் நடுகிற குழு அச்சடிக்கப்போகிற சிறுநூலின் முதல் வாக்கியம். அதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான்.

இரண்டாம் முயற்சி:

'நான் என் கண்ணால் பார்த்தேன். முரோயின் விமானம் வந்து நின்றபோது துப்பாக்கிக் குழல்கள்—'

இதுவும் வேண்டாம். நாற்பத்தெட்டு வருஷமாக இப்படி ஆரம்பித்துத்தான் பொய் சொல்லியிருக்கிறேன். 'நான்' என்று போட்டதும் கை பழைய தடத்திலேயே ஓடுகிறது. ஆகவே 'அவன்' என்று எழுதுகிறேன். பெயர் தோமிசோ. அது என் பெயர்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்திப் பார்த்தால்தான் அவன் கை என்ன செய்தது என்று தெரிகிறது.

2

முரோய் கரி மூட்டம் போடுகிறவரின் மகன். கடற்படையில் கப்பல் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப் போடத்தான் சேர்ந்தார். விமானிப் பரீட்சையில் முதல் தடவை தோற்று, இரண்டாம் தடவை தேறினார். சீனத்து ஆற்றின் மேல் முதல் விமானத்தை வீழ்த்தியபோது வயது இருபத்தொன்று. பிறகு விமானந்தாங்கிக் கப்பலில் இரண்டு வருஷம். கப்பல் மேல்தளத்தில் அவர் இறங்கினால் தட்டில் முட்டை வைத்த மாதிரி இருக்கும் என்பார்கள். பிறகு தெற்கே எரிமலைத் தீவு. அங்கேதான் தோமிசோ அவருக்கு வாய்த்தான்.

(செத்துப்போன மனிதரை 'அவர்' என்றே எழுதுகிறேன். கோபம் இருக்கிறது. பழக்கம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.)

அவர் எப்படி ஓட்டினார் என்று எழுத வேண்டும். எனக்குத் தெரியாது. மெக்கானிக் மேலே போவதில்லை. போகும்போது பார்ப்பான், வரும்போது எண்ணுவான். அவ்வளவுதான். அவருடைய முப்பத்தொரு சண்டைகளையும் விலாவாரியாக எழுதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாரும் மேலே போனவர்கள் இல்லை.

ஆனால் பூவைப் பற்றி எனக்குத் தெரியும். வீழ்த்திய ஒவ்வொரு விமானத்துக்கும் வால் பக்கத்தில் ஒரு சகுரா பூ, மஞ்சள் வண்ணத்தில். வரைவது அந்த விமானத்து மெக்கானிக்கின் உரிமை. தோமிசோ ஆரஞ்சுச் சுளை வந்த டப்பாவை வெட்டி, அதில் பூ அச்சு செய்து வைத்திருந்தான். இதழ் ஓரம் வண்ணம் கசியாமல் வருவது அவன் அச்சில் மட்டும்தான்.

பக்கத்து விமானத்து மெக்கானிக் கேட்பான்: "உங்காளு இன்னிக்கு எத்தனை?"

"ரெண்டு."

"எங்காளு மூணு."

"உங்காளு தேங்காயைச் சுட்டாலும் மூணுன்னுதான்டா சொல்லுவான்."

சிரிப்பார்கள். விமானிகளைவிட மெக்கானிக்குகளுக்குத்தான் பூவின் மேல் பைத்தியம். தோமிசோ காலையில் எழுந்து முகம் கழுவும் முன் போய் வாலைத் துடைப்பான். எல்லாவற்றின் மேலும் எரிமலைச் சாம்பல் படியும் ஊர் அது. சோற்றில்கூட நறநறக்கும்.

சாம்பலுக்காக இன்னொரு வேலையும் உண்டு. துப்பாக்கிக் குழல்களின் வாயில் எண்ணெய்க் காகிதத்தைப் பசை தடவி ஒட்டுவார்கள், சாம்பல் உள்ளே போகாமல் இருக்க. மழைக்கு அது அசையாது. முதல் குண்டு வெளியே வரும்போதுதான் கிழியும். விமானம் திரும்பி வந்ததும் காகிதம் கிழிந்திருக்கிறதா என்றுதான் மெக்கானிக்கின் கண் முதலில் போகும்.

3

இங்கே ரேடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தாண்ட மூன்று நாளாகப் பார்க்கிறேன்.

எங்கள் விமானங்களில் ரேடியோ இருந்தது என்று பேர்தான். காதில் மாட்டினால் வாணலியில் எண்ணெய் பொரிகிற சத்தம். அதனால் விமானிகள் அதைக் கழற்றி எறியச் சொல்வார்கள். ரேடியோ போனால் ஒரு சின்ன அரிசி மூட்டை எடை குறையும். கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னால் நிற்கும் மரத்தாலான ஏரியல் கம்பையும் ரம்பத்தால் அறுத்துவிடுவோம். காற்றை இழுக்காது, விமானம் வேகமாக ஏறும். முரோயின் விமானத்தில் அதைத்தான் முதலில் செய்தார்கள். அவர் அணியில் மொத்தம் மூன்று விமானங்கள். இரண்டாமவன் நெகிஷியும் தன்னுடையதை அறுக்கச் சொல்லிவிட்டான்.

மூன்றாமவன் கசே இவாவோ. இருபது வயது. கடற்படைக்கு வருமுன் ஊரில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை பார்த்தவன். இரைச்சல் ரேடியோவில் இல்லை, எஞ்சினின் பொறி போகிற வயர்களிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தான். செம்புக் கம்பியைப் பின்னி அதன் மேல் சுற்றினான். ஒரு வாரம், சாப்பாட்டு நேரத்திலெல்லாம் எஞ்சினுக்குள்ளேயே கிடந்தான்.

"தோமிசோ அண்ணே, வாங்க. காதுல வச்சுப் பாருங்க."

தோமிசோ வைத்துப் பார்த்தான். விமானத் தளத்து ஆள் வானிலை வாசிப்பது பக்கத்து அறையில் பேசுவது போலக் கேட்டது.

"தொண்டையைக் கனைக்கிறான் பாருங்கண்ணே! அதுகூடக் கேக்குது!"

"ம்" என்று கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான் தோமிசோ. மூன்று வருஷமாக மெக்கானிக்காக இருப்பவனால் முடியாததை ஒரு கடைப் பையன் செய்துவிட்டான்.

(இந்த இடத்தில் பொறாமை என்று எழுதி அடித்தேன். மறுபடி எழுதுகிறேன். பொறாமை.)

இரண்டு நாள் கழித்து முரோய் வந்தார். "மூணாவதுலயும் எடுத்துரு."

"அது வேலை செய்யுதுங்க, ஐயா."

"என்ன, பாட்டு கேக்குதா?"

"தளத்துப் பேச்சு நல்லாக் கேக்குது."

"அப்ப மேல போய் அவன் தளத்தைக் கேப்பானா, என் முதுகைப் பாப்பானா? எனக்கு அவன் கண்ணு போதும். எடையோட வந்தா பின்தங்குவான், பின்தங்கினா செத்துப்போவான். எடு."

தோமிசோ மெக்கானிக் அதிகாரியிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த அதிகாரி ரேடியோவை அறுப்பது பிடிக்காதவர். 'இது ஓடுகிற ரேடியோ' என்று மூன்று சொல் போதும். தோமிசோ ரம்பத்தை எடுத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, என்னுதை விட்டுருங்கண்ணே. நல்லாக் கேக்குதுன்னு அக்காவுக்கு இப்பத்தான் எழுதிப் போட்டேன்."

"உங்கக்காவா வந்து ஓட்டப் போறா? தள்ளு."

இவாவோ தள்ளி நின்றான். கம்பு பாதி அறுந்ததும் கிட்டே வந்து மேல்முனையைப் பிடித்துக்கொண்டான். அறுந்து விழுந்தால் கூண்டின் கண்ணாடி விரிசல் விடும், தோமிசோவுக்குத் திட்டு விழும். அதற்காகப் பிடித்தான்.

(எல்லாரும்தான் அறுத்தார்கள் என்று ஒரு வாக்கியம் இங்கே இருந்தது. உண்மையான வாக்கியம்தான். ஆனால் நன்றாகக் கேட்கிற ரேடியோவை அறுத்தவன் அந்தத் தீவில் ஒருத்தன்தான். அதனால் எடுத்துவிட்டேன்.)

4

பதினோரு நாள் கழித்து ஒன்பது விமானங்கள் கிளம்பின. முற்பகலிலேயே ஆறு திரும்பிவிட்டன. மழைச் சுவர் வருகிறது, திரும்புங்கள் என்று தளம் ரேடியோவில் கூப்பிட்டது. பின்னால் போன இரண்டு பேருக்கு அது அரைகுறையாகக் காதில் விழுந்தது. அவர்கள் இறக்கையை ஆட்டி மற்றவர்களையும் திருப்பிக்கொண்டு வந்தார்கள். முரோயின் அணி அவர்களுக்கு வெகுதூரம் முன்னால், மேலே. அவர்கள் மூன்று பேருக்கும் கேட்கவில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு, சாம்பல் கரைந்து ஓடுகிற மழையில், ஒரு விமானம் வந்தது. முரோய். எஞ்சின் ஓடுபாதையிலேயே நின்றுபோனது, பெட்ரோல் அவ்வளவுதான். தோமிசோ ஓடினான். நான்கு குழல் வாயிலும் காகிதம் முழுசாக ஒட்டியிருந்தது.

முரோய் கூண்டைத் திறந்தார். எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு பேரும் எங்கங்க?"

"மேகத்துக்குள்ள போனோம். வெளிய வந்தப்ப நான்தான் இருந்தேன்."

தளபதியின் கார் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. முரோய் காரைப் பார்த்தார். தோமிசோவைப் பார்த்தார். "தோமிசோ" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

தோமிசோ நான்கு காகிதத்தையும் நகத்தால் சுரண்டி எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

தளபதி இறங்கி வந்து, "என்ன ஆச்சு?" என்றார்.

முரோய் காகிதம் இல்லாத குழல்களைப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்— தோமிசோ பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முரோய் சொன்னார்: "மோதினோம். ரெண்டை வீழ்த்தினேன். என் பசங்க ரெண்டு பேரும் போயிட்டாங்க."

தளபதி தலையைக் குனிந்துகொண்டார். அப்போது தோமிசோ, யாரும் கேட்காமல், வாயைத் திறந்தான்:

"குழல் இன்னும் சூடா இருக்குங்க."

எழுபது வயதில் திரும்பிப் பார்த்தால் அந்த ஒரு வரிதான் என் சொந்தச் சரக்கு. முரோய் சொன்ன பொய்க்கு ஒரு காரணமாவது சொல்லலாம். இதற்கு என்ன காரணம்?

குண்டுப் பட்டை முழுசாக இருப்பது தெரியக்கூடாதே என்று தோமிசோ, குண்டு நிரப்புகிற ஆயுதக்காரனிடம் "நீ போய்ப் படு, நான் பாத்துக்கறேன்" என்றான். அவனுக்கு மலேரியா. கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் காலை முரோய் வந்து வால் பக்கம் நின்றார்.

"மழையில வழி தெரியாமச் செத்தான்னு வீட்டுக்கு எழுதவா? சண்டையில செத்தான்னா அவங்க தெருவுல தலை நிமிந்து நடப்பாங்க."

"பூவுங்க?"

"போடலைன்னா ஏன் போடலைன்னு கேப்பாங்கல்ல? போடு."

இருபதாவது பூ, இருபத்தொன்றாவது பூ. செத்தவர்கள் இரண்டு பேர், பூவும் இரண்டு. இதழ் ஓரத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை.

5

முரோயை எப்படி எழுதுவது என்று இங்கே எனக்குக் குழப்பம். கெட்டவராக எழுதிப் பார்த்தேன், சுலபமாக வந்தது. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. ஒரு வாரம் கழித்து அவர் தோமிசோவிடம் வந்து, "என் வண்டியில ரேடியோ மாட்டு" என்றார். மாட்டினான். செம்புக் கம்பி சுற்றுகிற வித்தை இவாவோவோடு போய்விட்டது. வெறும் இரைச்சல்தான். போர் முடிகிறவரை முரோய் அந்த இரைச்சலைக் காதில் மாட்டிக்கொண்டேதான் பறந்தார். மீதிப் பத்துப் பூவையும் அப்படித்தான் வாங்கினார். அவை நிஜம், காகிதம் கிழிந்திருந்தது.

போருக்குப் பிறகு மண்ணெண்ணெய் விற்றார். பத்துப் பன்னிரண்டு வருஷம் யாருக்கும் அவரைத் தெரியாது. பிறகு ஒரு பத்திரிகைக்காரன் வந்தான். அப்புறம் பள்ளிக்கூடங்களில் பேச்சு, போட்டோ, புத்தகம். வருஷத்துக்கு ஒரு தடவை வெந்நீர் ஊற்று விடுதியில் பழைய ஆட்கள் கூடுவார்கள். சாக்கே மது இரண்டு சுற்றுப் போனதும் யாராவது அந்த மழை நாளைக் கேட்பார்கள். முரோய் சொல்வார். "தோமிசோ, நீ சொல்லுப்பா" என்பார்கள். தோமிசோ சொல்வான். முதல் வருஷம் குழல் சூடாக இருந்தது. பத்தாவது வருஷம் கை சுட்டுக் கொப்புளமே வந்துவிட்டது.

ஒரு கூட்டத்தில், குளிக்கும் தொட்டியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். முரோய் கேட்டார்: "அன்னிக்கு நீ ஏன்டா அந்தக் காகிதத்தை உரிச்ச?"

"நீங்கதான கூப்பிட்டீங்க."

"நானா?"

"தோமிசோன்னு பேரைச் சொன்னீங்க."

முரோய் துண்டைப் பிழிந்து தலைமேல் போட்டுக்கொண்டார். "இறங்கக் காலு வரல. கை குடுன்னு கேக்கத்தான்டா கூப்பிட்டேன்."

அது உண்மையா? தெரியாது. பழியை என் பக்கம் தள்ள அன்றைக்குக் கண்டுபிடித்ததாகவும் இருக்கலாம். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. ஆனால் நான் உரித்ததற்குப் பிறகுதான் அவர் பொய் சொன்னார். வரிசை அதுதான். அதை மாற்றி எழுத எனக்கு வழி தெரியவில்லை.

போன குளிர்காலம் முரோய் செத்துப்போனார். ஊரார் நினைவுக்கல் நடுகிறார்கள். முப்பத்தொன்று என்று கல்லில் வெட்டியாகிவிட்டது. அதைக் கேள்விப்பட்டுத்தான் அந்தப் பெண்மணி ரயிலேறி சைக்கிள் கடைக்கு வந்தார். பெயர் கினுயோ. இவாவோவின் அக்கா. தம்பியைவிட ஒரு வயது மூத்தவர். கண் நோயில் இரண்டு கண்ணும் போய்விட்டது. கைத்தடியால் டயரைத் தட்டிப் பார்த்து உள்ளே வந்தார்.

"நீங்கதான் தோமிசோவா? குரல் சின்னதா இருக்கு. இவாவோ எழுதினதுல உங்களைப் பெரிய ஆளா நினைச்சேன்."

"வயசாச்சும்மா, சுருங்கிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். "வாசிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம். 'அக்கா, என் ரேடியோ நல்லாக் கேக்குது, கூப்பிட்டா ஓடி வந்துருவேன், பயப்படாத.' இதான் கடைசி."

தோமிசோ கடிதத்தை மடித்து அவர் கையில் வைத்தான்.

"அன்னிக்குத் தளத்துலேர்ந்து கூப்பிட்டாங்களாமே? ஆறு பேர் திரும்பினாங்களாமே? பழைய படைக்காரங்க சங்கத்து ஆளு ஒருத்தர் சொன்னார்."

"ஆமாம்மா."

"அப்ப என் தம்பிக்கும் கேட்டிருக்கு. கேட்டும் திரும்பல. தலைவன் பின்னாலயே போயிட்டான். அக்கா ஒருத்தி காத்துக்கிட்டிருக்கான்னு நினைக்கல." கைத்தடியால் தரையை ஒரு குத்துக் குத்தினார். "தினம் காலையில அவன் படத்துக்குச் சோறு வைக்கிறேன். ஆனா பேசறதில்ல. கூப்பிட்டாங்கன்னு தெரிஞ்ச நாள்லேர்ந்து அவன்கூட ஒரு வார்த்தை பேசினதில்ல. சரியா, தப்பா, எனக்குத் தெரியணும். நீங்க அவன் விமானத்தைப் பாத்தவரு. அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

சொல்வதற்கு நாலு சொல் போதும். எதிரே இருப்பவருக்குக் கண் தெரியாது. அப்படியும் தோமிசோ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். "எழுதித் தரேம்மா" என்றான்.

"எழுதுங்க. எனக்கு வாசிச்சுக் காட்ட நூலகத்துலேர்ந்து ஆள் வருவாங்க."

6

முடிவுகள்.

ஒன்று: இந்த நோட்டுக்குப் பதிலாகச் சிறுநூலை அனுப்புகிறேன். அதில் இவாவோ தலைவனின் முதுகைக் காத்து வீழ்ந்த வீரன். கினுயோ அம்மா தெருவில் தலை நிமிர்ந்து நடப்பார். வீட்டுக்குள் தம்பியோடு பேசாமலே செத்துப்போவார்.

இரண்டு: கல் திறக்கிற அன்று தோமிசோ கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்கிறான். கூட்டம் வாயடைத்து நிற்க—

இல்லை. அவனை எனக்குத் தெரியும். எழுந்து நிற்கிற ஜாதி இல்லை.

மூன்று: முரோய் ஒருவரே காரணம் என்று எழுதி, ரம்பத்தையும் காகிதத்தையும் விட்டுவிடுகிறேன். செத்தவர் மறுத்துப் பேச மாட்டார். இதை எழுதியும் விட்டேன், நாலு பக்கம். நன்றாகவே வந்திருந்தது. அடுப்பில் போட்டேன்.

இனி நான் முடிவு எழுதுவதாக இல்லை. இப்போது உங்களிடம் வருகிறேன், வாசிக்கிறவரே. நீங்கள் நூலகத்து ஆள். ஆணா பெண்ணா தெரியாது. வாசிக்கிறவர்களை நம்பவில்லை என்று எழுதினேன், வேறு வழியில்லாமல் நம்புகிறேன். முதலில் நீங்கள் தனியாக வாசித்துப் பார்த்திருப்பீர்கள். இந்த வயதில் இந்த அம்மாவுக்கு இது எதற்கு என்று தோன்றியிருக்கும். மூன்றாம் பகுதியைத் தாண்டிவிடலாமா என்றும் யோசித்திருப்பீர்கள். அது உங்கள் கையில்தான் இருந்தது, என் கையில் இல்லை. ஆனால் இந்த வரியைச் சத்தமாக வாசிக்கிறீர்கள் என்றால், தாண்டவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் இன்னும் கொஞ்சம்தான். நிறுத்தி, மெதுவாக வாசியுங்கள்.

கினுயோ அம்மா, நீங்கள் மன்னிக்க—

இல்லை. அதைக் கேட்க வரவில்லை.

கினுயோ அம்மா, உங்கள் தம்பி கேட்டும் திரும்பாதவன் இல்லை. அவனுக்குக் கேட்கவே இல்லை. அவன் ரேடியோவை அறுத்தவன் நான். வேண்டாம் அண்ணே என்று அவன் சொன்னான். கூப்பிட்டது கேட்டிருந்தால் வந்திருப்பான்.

வாசிக்கிறவரே, எழுதுவது இதோடு தீர்ந்தது. அவர் இப்போது என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. கைத்தடியை எடுக்கிறாரா, படம் இருக்கிற பக்கம் திரும்புகிறாரா, வாசித்ததை மறுபடி வாசி என்கிறாரா. எதிரே உட்கார்ந்திருப்பவர் நீங்கள். எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். அவர் ஏதாவது பேச ஆரம்பித்தால், அது தம்பியிடம் பேசுவதாக இருந்தால், நோட்டை மூடி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போய்விடுங்கள்.